தனிஸ் வீட்டில் இருக்கிறார்

பிப்ரவரி 4, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்பில் வருடாவருடம் கொடுக்கும் டைரி இது. இதுவரை இதில் நான் எழுதியிருப்பது சிலிண்டர் வந்த தேதிகளை மட்டும்தான். இன்று கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

மாலை ஐந்தரைக்கு வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. என் கணவர் தனிஸ்லாஸ் இறங்கினார். சிறுமலை யுனைடெட் கால்பந்து அணியின் மஞ்சள் பனியன், டவுசர், முழங்கால் வரை சாக்ஸ், காலில் ஆணி வைத்த பூட்ஸ். ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிய ஆறு மணி ஆகும்.

"சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்றேன்.

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, டக் டக்கென்று தரையைக் குத்திக்கொண்டு உள்ளே போனார்.

மீதியை கோல்கீப்பர் ரஹீம் அண்ணன் போனில் சொன்னார். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் கோச் மனோகரன் சார் இவரை வெளியே கூப்பிட்டிருக்கிறார். ஐந்து வருடமாக இவரை யாரும் பாதியில் கூப்பிட்டதில்லை. கேப்டன் பட்டையைக் கழற்றிக் கீழே எறிந்தார். அது போதாதென்று ஒரு தண்ணீர் பாட்டிலை உதைத்தார். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை, ஆரஞ்சு குளுக்கோஸ். அது நேராகப் போய் கிளப் தலைவர் சௌந்தரபாண்டியன் ஐயாவின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"அந்த மேட்ச்சுல கோலுக்கு நேரா போன ஒரே ஷாட்டு அதான் தங்கச்சி" என்றார் ரஹீம் அண்ணன்.

பிப்ரவரி 5, திங்கள்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் மூஞ்சியவே போடலையே" என்றார்.

மத்தியானம் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதித் தரும்வரை அணியில் இடம் கிடையாது.

"மொதல்ல கோச்சு என்கிட்ட கேக்கட்டும். ஊரே பாக்கைல கையக் காட்டிக் கூப்பிடுறாரு, கடைக்குக் கூப்பிடுற மாதிரி" என்றார்.

"சரிங்க, கடைக்கே போயிட்டு வாங்க. துவரம்பருப்பு இல்ல" என்றேன். போய் வாங்கி வந்தார். கடலைப்பருப்பு.

பிப்ரவரி 6, செவ்வாய்

நான் காலை ஆறரைக்கெல்லாம் லேப்பில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் மகள் அனிலாவை எப்போதும் பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காதான் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவார், சாயங்காலம் இறக்கிக்கொள்வார். இன்று இவர், "நானே போறேன்" என்றார்.

சாயங்காலம் மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது. வாட்ச்மேன் இவரைப் பார்த்ததும் சல்யூட் அடித்திருக்கிறார், செல்ஃபி எடுத்திருக்கிறார், "அண்ணே, போன வருசம் மதுரைக்காரங்கிட்ட போட்டீங்களே ஒரு கோலு!" என்று கட்டிப்பிடித்திருக்கிறார். ஆனால் பிள்ளையை மட்டும் விடவில்லை. கூட்டிப்போகிறவர்கள் அட்டையில் என் படமும் சகாயமேரி அக்கா படமும்தான் இருக்கிறது.

"திண்டுக்கல்லுக்கே என்னையத் தெரியும், யூகேஜிக்குத் தெரியலையே" என்று புலம்பிக்கொண்டு வந்தார். பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று தேடி எடுத்து வைத்தேன். அதிலும் மஞ்சள் பனியன்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

கோச் மனோகரன் சார் என் நம்பருக்குப் போன் செய்தார். அவர் மகளுக்கு ஆண்குழந்தை பிறந்திருக்கிறதாம். வாழ்த்துச் சொன்னேன். இன்னும் ஏதோ பேசினோம்.

இவர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 10, சனி

இவர் செய்த வேலைகள்: குழாயில் வாஷர் மாற்றினார். மின்விசிறி துடைத்தார். அனிலாவுக்கு இரட்டைச் சடை போட்டார், ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. "ரெண்டு விங்லயும் ஆளு வேணும்ல" என்று விளக்கம் வேறு. அவள் அதை அவிழ்க்க விடாமல் அப்படியே தூங்கினாள்.

ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி நிற்பதே இல்லை. அனிலா தின்கிறாள் போலிருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று சிறுமலைக்கு ஆட்டம். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் கவலை இல்லை என்று காலையிலிருந்து நான்கு முறை சொன்னார்.

சரியாக நாலு மணிக்கு போனோடு குளியலறைக்குள் போனார். நாற்பத்தைந்து நிமிடம். வெளியே வந்து டீ குடித்தார். பதினைந்து நிமிடம். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்று மறுபடி உள்ளே போனார். இன்னொரு நாற்பத்தைந்து நிமிடம். கடைசியில் காயத்துக்காகக் கொடுத்த கூடுதல் நிமிடங்களும் சேர்த்து.

0-2.

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

லேப்பில் ஒரு சர்க்கரை நோயாளி, கையை நீட்டிக்கொண்டே, "ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு எப்ப எறங்குவாரு? டீமு கீழ்ப் பிரிவுக்குப் போயிரும் போலருக்கே. நீயாச்சும் புத்தி சொல்லக் கூடாதா?" என்றார்.

ஊசி என் கையில் இருக்கும்போது இப்படிக் கேட்கக் கூடாது. அவருக்கு நரம்பு கிடைக்க இன்று மூன்று முறை குத்த வேண்டியதாகிவிட்டது. தற்செயல்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

தவசு காலம் ஆரம்பம், மூவரும் மாதா கோயிலுக்குப் போனோம். மூவரும் சேர்ந்து போய் எத்தனை காலம் ஆயிற்று! எல்லோரும் முழங்கால் போட்டபோது இவர் மட்டும் தூணோடு சாய்ந்து நின்றார். அனிலா இவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

வெளியே வந்ததும் சகாயமேரி அக்கா, "கடவுளுக்கு முன்னாடியும் இம்புட்டுப் பெருமையா ஒன் வீட்டுக்காரருக்கு?" என்று என் காதில் கேட்டார்.

"ஆமாக்கா, கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதோடு சேர்த்து, மறுபடி இடது கால். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். மெதுவாகத்தான் வந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

மனோகரன் சார் மறுபடி பேசினார். போன வாரம் சொன்னதையேதான் சொன்னார். அன்று நான் அதை இங்கே எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

"அவன் மேல கோவத்துல வெளிய எடுக்கலம்மா. ரெண்டாவது பாதியில வலது கால ஊண்டவே இல்ல அவன். முட்டி போயிருச்சுன்னா அவன் கதை முடிஞ்சிரும். மைதானத்துல வச்சு அதச் சொன்னா எதிர் டீம்காரன் அந்தக் காலத்தானே குறி வப்பான்? அதான் கம்முனு இருந்தேன். கடுதாசியெல்லாம் வேணாம். நான் போட்டா எடுக்க மாட்டேங்கிறான், நீங்க சொல்லுங்க. வந்து ஒரு வார்த்தை பேசினா போதும்."

"சொல்றேன் சார்" என்றேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன்.

சொல்லத்தான் போனேன். அனிலா அவர் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். அவர் அசையாமல், ஒரு கையால் கதைப் புத்தகத்தைப் பிடித்தபடி, மீதிக் கதையைத் தனக்காகப் படித்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

நாளைக்கு.

பிப்ரவரி 18, ஞாயிறு

1-3. குளியலறையில் ஏதோ உடைந்த சத்தம். சோப்பு டப்பா.

இன்னும் ஒரே ஆட்டம்தான் பாக்கி, மார்ச் மூன்றாம் தேதி. அதில் ஜெயித்தால்தான் கீழே இறங்காமல் தப்பிக்கலாம்.

பிப்ரவரி 21, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் ரஹீம் அண்ணன் பேகம்பூரிலிருந்து ஒரு தூக்கு நிறைய பிரியாணியோடு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அடடா, ஒங்களுக்குத் தவசு காலம் ஆரம்பிச்சிருச்சுல்ல! எங்களுக்கு நோன்பு வர இன்னும் மூணு வாரம் இருக்கா, அந்த நெனப்புலயே வந்துட்டேன்." ஈஸ்டர்வரை நாங்கள் கறி தொடுவதில்லை. அனிலாவுக்கு மட்டும் தட்டில் வைத்தேன். பிள்ளைகளுக்குத் தவசு கிடையாது.

கொஞ்ச நேரம் ஊர்க்கதை. பிறகு அவர் இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏப்பா தனிஸு, ஒரு அளவில்லையா? கோச்சு ரெண்டு வாட்டி சொல்லிவிட்டாரு. பெரிய மனுசன், அவரே எறங்கி வந்தாரு. நீ பதிலே சொல்லலைன்னா என்ன அர்த்தம்?"

"என்ன சொல்லிவிட்டாரு? யாருகிட்ட?"

ரஹீம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தயிர்ப்பச்சடியைப் பார்த்தேன். அவர் இருபது வருடமாக கோல்கீப்பர். பந்து எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரியும். "தூக்கு இங்கனயே இருக்கட்டும் தங்கச்சி, அப்புறமா வாங்கிக்கிறேன்" என்று எழுந்துவிட்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"சார் போன் பண்ணாரா?"

"ஆமா."

"எப்ப?"

"எட்டாந் தேதி. பதினஞ்சாந் தேதி."

"ரெண்டு மேட்ச் போயிருச்சு மெர்லின்."

"தெரியும்."

சார் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

"ஏன் சொல்லல?"

"ஒங்க முட்டிக்காகத்தான். சொன்னா அன்னைக்கே போய் எறங்கிருவீங்க."

"பொய் சொல்லாத. முட்டிக்காகன்னா நீ என்னையத் தரதரன்னு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்ப. சளி புடிச்சாலே ரத்தம் எடுக்குற ஆளு நீ."

உண்மைதான். எனக்குக் கோபம் வந்தால் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். வந்துவிட்டது.

"சரி, நீ வீட்ல இருந்த. அதான் சொல்லல. போதுமா?"

"நான் இல்லாம டீமு ரெண்டு மேட்ச் தோத்துருச்சு!"

"நீ இல்லாம இந்த வீடு அஞ்சு வருசம் நடந்துச்சு. எந்தப் பேப்பர்லயும் போடல."

அனிலா தட்டை நீட்டி, "அப்பா, நல்லி எலும்பு வேணுமா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 22, வியாழன்

பேசவில்லை. ஆனால் அனிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், கூட்டிவந்தார், துணி மடித்தார். என் சுடிதாரை மட்டும் மடிக்காமல் நாற்காலியில் போட்டு வைத்திருந்தார். கோபத்தை இப்படித்தான் காட்டுவார் என்று ஆறு வருடம் கழித்து இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் செய்தது தப்பு. இதை எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

காலையில் லேப்புக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே வந்து நின்றார்.

"சார் கையக் காட்டிக் கூப்பிட்டார்ல, அப்ப எனக்குக் கோவம் வரல மெர்லின். பயம் வந்துச்சு. என்னைய வச்சே எல்லாம் நடக்குதுன்னு இருந்துட்டேன். வெளிய நின்னு பாக்குறேன், ஆட்டம் பாட்டுக்கு நடக்குது. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

"வலி எப்பருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிருந்து."

"நீங்க என்கிட்ட சொல்லல. நான் உங்ககிட்ட சொல்லல."

"ஒன்னோடது ரெண்டு வாரம். என்னோடது மூணு மாசத்துக்கு மேல" என்றார். அவர் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது இதுவே முதல் முறை.

லேப்புக்கு லீவு சொன்னேன். பத்து மணிக்கு எலும்பு டாக்டர், பன்னிரண்டுக்கு எம்.ஆர்.ஐ. மூட்டுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் நான்கு மாதத்தில் மறுபடி ஓடலாம். "ஒரு ஊசி போட்டா மூணாந் தேதி மேட்ச் ஆடிரலாமா டாக்டர்?" என்று இவர் கேட்டார். ஆடலாம், ஆனால் கிழிசல் பெரிதானால் அதற்குப் பிறகு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர்.

வண்டியில் வரும்போது இவர், "நீ என்ன சொல்ற?" என்றார்.

இந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன். பிறகு திறந்தேன்.

"வேணாம்னுதான் சொல்வேன். ஆனா இந்தத் தடவை வீட்ல இருக்கணும்கிறதுக்காகச் சொல்லல. நீங்க ஆடணும்னுதான் சொல்றேன். அடுத்த வருசமும், அதுக்கடுத்த வருசமும்."

வீட்டுக்கு வந்ததும் என் சுடிதாரை மடித்தார்.

பிப்ரவரி 24, சனி

இருவரும் மைதானத்துக்குப் போனோம். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இவர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பெரிய பேச்சு பேசப் போகிறார் என்று நினைத்தேன். "முட்டி போச்சு. மறைச்சுட்டேன். பட்டைய எறிஞ்சதும் தப்பு" என்றார். அவ்வளவுதான். ரஹீம் அண்ணன் ஒரு மாதிரி மூக்கை உறிஞ்சினார்.

தலைவர் ஐயா பெருந்தன்மையோடு, "வேட்டிய விடுப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு ஊசியப் போட்டு எறங்கிரு. ஊரே ஒன்னையத்தான் எதிர்பாக்குது" என்றார்.

ஊரே எதிர்பார்க்கிறது என்று சொன்னால் மலையிலிருந்து குதிப்பார் இந்த மனிதர்.

இவர் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியாது சார்" என்றார். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை சொன்னார். "முடியாது சார்."

நான் மனோகரன் சாரிடம் போனேன். "சொல்லாம விட்டது நான்தான் சார். மன்னிச்சிருங்க."

"தெரியும்மா. 'சொல்றேன் சார்'னு நீங்க சொன்ன வேகத்துலயே தெரிஞ்சிருச்சு" என்றார். "நான் ஆடுன காலத்துல என் சம்சாரம் இதே வேலைய மூணு தடவ பண்ணிருக்கா."

"நீங்க என்ன செஞ்சீங்க சார்?"

"கோச்சாயிட்டேன்."

மார்ச் 3, ஞாயிறு

மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்த்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அனிலா பிறந்த பிறகு போகவில்லை. அவளுக்கு இதுதான் முதல் தடவை. "அப்பா எங்க?" என்றாள். பெஞ்சைக் காட்டினேன். சாதாரணச் சட்டை, சாதாரண பேன்ட், முட்டியில் பட்டை. இவர் இடத்தில் திவாகர் என்ற இருபது வயதுப் பையன் ஆடினான். அவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் இவர் முகத்தில் வருத்தம் வந்தது. நன்றாக ஆடும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வருத்தம் வந்தது. பாதி ஆட்டத்துக்கு மேல் அது மாறிப்போனது. எல்லைக்கோட்டருகே நொண்டிக்கொண்டே போய், "திவா, லெஃப்ட்ல ஆளில்ல! லெஃப்ட்ல!" என்று கத்தினார். நடுவர் இரண்டு முறை எச்சரித்தார்.

எண்பத்தோராவது நிமிடம். திவாகர் இடப்பக்கம் ஓடி உள்ளே அடித்தான். எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் காலை நீட்டினார். அவர் கணுக்காலில் பட்டு, அவர் கோலுக்குள்ளேயே பந்து போய்விட்டது. ஒரு மாதமாக ஊரே தவித்த வெற்றிக் கோலை எதிரணிக்காரர் போட்டுக் கொடுத்தார்.

1-0. தப்பித்துவிட்டோம்.

எல்லோரும் திவாகரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. அவர் மெதுவாக, ஒவ்வொரு படியாக, கேலரியில் ஏறி எங்களிடம் வந்தார். அனிலாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கருந்து பாத்தா எல்லாம் எவ்வளவு தெளிவாத் தெரியுது! உள்ள இருக்கைல ஒண்ணுமே தெரியறதில்ல" என்றார்.

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நான் இங்கருந்து கத்துனப்பவே கேட்டிருக்கலாம்."

"என்ன கத்துன?"

"லெஃப்ட்ல ஆளில்லைன்னுதான்."

கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 8, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும்போது நர்ஸிடம், "என்னைய யாரு எடுத்தது? எத்தனாவது நிமிசம்?" என்று கேட்டாராம்.

மார்ச் 14, வியாழன்

வீட்டில் கட்டிலோடு இருக்கிறார். கட்டிலிலிருந்து அடுப்படி நன்றாகத் தெரிகிறது. தோசையை எப்போது திருப்ப வேண்டும், சாம்பாரை எப்போது இறக்க வேண்டும், நான் எந்தப் பக்கமாக நடந்தால் நேரம் மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் அங்கிருந்தே கத்திச் சொல்கிறார். அனிலாவும் இப்போது கத்துகிறாள்.

ஆபரேஷன் முடிந்து ஆறு நாள்தான் ஆகிறது. நான்கு மாதம் என்றார் டாக்டர். மூன்றரையாகக் குறைக்க வழியுண்டா என்று நாளை கேட்க வேண்டும்.